அந்தமான் கட்டுபடியாகுமா?

அந்தமான் போய்வர எவ்வளவு ஆகும் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு கணக்கு வரும். ஒருவர் ஆளுக்கு இருபதாயிரத்தில் முடித்துவிட்டேன் என்பார். இன்னொருவர் மூன்று பேர் போனதற்கு ஒன்றரை லட்சம் கரைந்துவிட்டது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். குளித்த கடற்கரையும் சாப்பிட்ட மீன் சாப்பாடும்கூட ஒன்றாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அது தெரிந்துவிட்டால், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களும் கடன் வாங்காமல் அந்தத் தீவுகளைப் பார்த்துவரலாம்.

சிக்கனம் என்றதும் நம் கை முதலில் அறை வாடகையிலும் சாப்பாட்டிலும்தான் போகிறது. மலிவான லாட்ஜ், கையோடு புளிசாதம், ஆட்டோவுக்குப் பதில் நடை. ஊட்டிக்கோ ராமேசுவரத்துக்கோ இது சரி. அங்கே போய்ச்சேரும் செலவு சிறியது, தங்கும் செலவுதான் பெரியது. தீவில் கணக்கு தலைகீழ். போய்ச்சேர்வதும் தீவுக்குத் தீவு தாவுவதும்தான் பணத்தை விழுங்குகின்றன. ஆகவே இந்தப் பயணத்தின் செலவை மூன்று முடிவுகள்தான் நிர்ணயிக்கின்றன: எந்தத் தேதியில் போகிறோம், எத்தனை முறை கடலைக் கடக்கிறோம், ஓரிடத்தில் எத்தனை நாள் இருக்கிறோம். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் மற்றவை தாமாகவே அடங்கும். இவை தவறினால் புளிசாதம் கட்டிப் போயும் பயனில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

சென்னையிலிருந்து ஒரு தம்பதியும் பத்து வயதுக் குழந்தையும் பிப்ரவரியில் ஏழு பகல், ஆறு இரவு போவதாக வைத்துக்கொள்வோம். விலைகள் நாளுக்கு நாள் மாறும். இங்கே தரும் எண்கள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கானவை. அவற்றின் இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விமானம் போகவர ஆளுக்கு 12,000 ரூபாய். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்குத் தனி இருக்கை, முழுக் கட்டணம். ஆக மூவருக்கு 36,000. சுத்தமான எளிய அறை இரவுக்கு 1,800 வீதம் ஆறு இரவுக்கு 10,800. விமானம் இறங்கும் போர்ட் பிளேரிலிருந்து ஒரு தீவுக்குப் போய்த் திரும்ப, தனியார் விரைவுப் படகில் ஒரு கடப்புக்கு ஆளுக்கு 1,300 வீதம் 7,800. சாப்பாடு ஒரு நாளைக்கு மூவருக்கும் சேர்த்து 1,500 வீதம் 10,500. உள்ளூர் போக்குவரத்து 5,000. நுழைவுச்சீட்டு, சிறு படகு, பவளப்பாறை பார்க்கும் ஸ்நார்க்கெலிங் எல்லாம் சேர்த்து 6,000. எதிர்பாராத செலவுக்கு 6,000. மொத்தம் 82,100 ரூபாய்.

இதே பயணத்தை டிசம்பர் கடைசி வாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். விமானக் கட்டணம் ஆளுக்கு 22,000 ஆகிறது என்றால் அந்த ஒரு வரியில் மட்டும் 30,000 ரூபாய் கூடுகிறது. நம் கணக்கில் ஆறு நாள் அறையும் ஏழு நாள் சாப்பாடும் சேர்ந்தே 21,300தான். தேதியில் இழந்த பணத்தை, அறையையும் சாப்பாட்டையும் எவ்வளவு குறைத்தாலும் மீட்க முடியாது. அந்தமான் பயணத்தின் பொருளாதாரத்தில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை.

தேதி ஏன் விலையாகிறது

விமானத்தின் எல்லா இருக்கைகளும் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. அவற்றைப் பல விலைப்படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்ப்படி முதலில் தீரும், பிறகு அடுத்த படி திறக்கும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பது மலிவாக இருப்பதன் காரணம் இதுதான். குடும்பமாகப் போகிறவர்கள் இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கலாம். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்ப்படியில் இரண்டு இருக்கைதான் மீதம் என்றால், நான்கு பேருக்கும் மேல்படி விலையே காட்டப்படுவதுண்டு. முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று தேடிப் பார்த்து, விலை வேறுபட்டால் இரண்டிரண்டாக எடுப்பது மிச்சம்.

அந்தமானுக்குத் தேவை கூடும் நாட்கள் எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் முதலாவது. பொங்கல், குடியரசு தினத்தை ஒட்டிய தொடர் விடுமுறைகள் அடுத்து. பள்ளிக் கோடை விடுமுறை மூன்றாவது. மத்திய அரசு ஊழியர்கள் தங்கள் விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் போகத் தனித் தளர்வு இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அந்தக் குடும்பங்களும் சேர்ந்து வரும்போது இருக்கைகள் வேகமாகத் தீர்கின்றன.

எதிர்ப்பக்கத்தில் வானிலை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். மே மூன்றாம் வாரவாக்கில் அது தொடங்கிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு, படகு ரத்து, நீர் விளையாட்டுகள் நிறுத்தம் எல்லாம் சகஜம். அப்போது அறை பாதி விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் ஏழு நாளில் மூன்று நாள் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் அதை மலிவு என்று சொல்ல முடியாது. அக்டோபர், நவம்பரிலும் மழையும் வங்கக்கடல் புயல்களும் உண்டு. கடல் அமைதியாக, நீர் தெளிவாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அதற்குள் விடுமுறை நெரிசல் இல்லாத காலம் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை. பணத்துக்கும் வானிலைக்கும் ஒருசேரப் பொருந்தும் காலம் இதுதான்.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது எளிதல்ல. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இருந்தால் பிப்ரவரியையும் மார்ச்சையும் நினைக்கவே முடியாது. அவர்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரத்துக்குள் போய்வருவதுபோல் வைத்துக்கொண்டு, டிக்கெட்டைப் பொங்கலுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மே பாதிக்கு மேல் தள்ளிப்போட்டால் விலையும் அதிகம், மழையும் அருகில் வந்துவிடும். சிறு வகுப்புப் பிள்ளைகள் என்றால், பள்ளியில் சொல்லி நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிப்ரவரியில் போவதால் மிச்சமாகும் தொகை கணிசமானது. அந்த முடிவைப் பெற்றோர்தான் எடுக்க வேண்டும்.

கப்பலில் போகலாமா

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு அரசுப் பயணிகள் கப்பல் உண்டு. கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும்கூட உண்டு. சென்னையிலிருந்து கடல்வழி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். பயணம் சுமார் 60 மணி நேரம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலில் வரிசை வரிசையாகப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பிலிருந்து தனிக் கேபின் வரை பல வகுப்புகள் உண்டு. பங்க் வகுப்பின் கட்டணம் விமானத்தைவிட மிகக் குறைவு.

ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். மாதத்துக்குச் சில நடைகள்தான். கால அட்டவணை நெடுநாள் முன்பே கைக்கு வருவதில்லை. வானிலையும் துறைமுக நெரிசலும் புறப்படும் நாளை நகர்த்தலாம். போகவர இரண்டும் கப்பல் என்றால் ஐந்து நாள் கடலிலேயே கழிகிறது. தனியார் வேலையில் பத்து நாள் விடுப்புக்கே மல்லுக்கட்டுகிறவருக்கு இது ஒத்துவராது. ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், நாட்கள் கையில் உள்ள நண்பர் குழுக்கள் ஆகியோருக்குக் கப்பல் நல்ல வழி. அவர்களும் போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது நல்லது. திரும்பும் தேதி உறுதியாக இருக்கும். கடல் மயக்கம் உள்ளவர்கள், நடமாடச் சிரமப்படும் முதியோர், கைக்குழந்தைக்காரர்கள் விமானத்திலேயே போகட்டும்.

ஒவ்வொரு கடப்பும் இரண்டு செலவு

அந்தமானில் விமானம் இறங்கும் ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம். பெரும்பாலோர் பார்க்க விரும்பும் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. டிக்கெட்டும் அறையும் தேடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து இந்தத் தீவுகளுக்கு இரண்டு வகைப் படகுகள் போகின்றன. தனியார் விரைவுப் படகு ஹேவ்லாக்கை ஒன்றரை மணி நேரவாக்கில் அடைந்துவிடும். குளிர்சாதன வசதி உண்டு, பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம், கட்டணம் ஆயிரத்துக்கு மேல். அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து கிளம்பும், சுமார் இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆனால் அதன் இருக்கைகளில் தீவுவாசிகளுக்கே முன்னுரிமை. அது நியாயமும்கூட. நமக்கு அது சுற்றுலா. அவர்களுக்கோ மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் போகும் ஒரே பேருந்து அதுதான். அரசுப் படகில் இடம் கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தே தீரும் என்ற நம்பிக்கையில் பட்ஜெட் போடாதீர்கள்.

சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் வழக்கமான சுற்று போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர். அதாவது மூன்று கடப்புகள். ஒரு தீவோடு நிறுத்தினால் இரண்டு. இந்த மூன்றாவது கடப்பின் உண்மையான விலை எவ்வளவு என்று பாருங்கள். நம் மாதிரிக் கணக்கில் மூவருக்கு டிக்கெட் 3,900. ஆனால் கடப்பு நாளில் காலையில் மூட்டை கட்டி, அறையைக் காலி செய்து, படகுத்துறைக்கு வந்து, காத்திருந்து, கடந்து, அங்கே வண்டி பிடித்து, புதிய அறை கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அரைப் பகல் போய்விடும். 82,100 ரூபாயை ஏழு நாளால் வகுத்தால் ஒரு நாளின் விலை ஏறக்குறைய 11,700. அரை நாளின் விலை 5,850. ஆக அந்தக் கூடுதல் தீவுக்கு நாம் கொடுப்பது 10,000 ரூபாயை நெருங்குகிறது. அந்த இழப்பு எந்த ரசீதிலும் வராது என்பதால்தான் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குறைந்த பணத்தில் நிறைய இடம் பார்ப்பது சிக்கனம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தீவுகளில் அந்த நினைப்பைக் கைவிட வேண்டும். இங்கே குறைவாகக் கடப்பவரே மிச்சம் பிடிக்கிறார். பரபரப்பில்லாமல் கடலை அனுபவிப்பவரும் அவரே. ஒரே அறையில் நான்கு இரவு தங்குகிறவர் வாடகையில் பேரம் பேசலாம். வாடகை ஸ்கூட்டரை நாள் கணக்கில் மொத்தமாகப் பேசி எடுக்கலாம். எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும். மழையால் ஒரு நாள் வீணானாலும் மூன்று நாள் கையில் இருக்கும்.

எந்தத் தீவு

ஒன்றே ஒன்று என்றால் ஹேவ்லாக்கா, நீலா? இது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது.

ஹேவ்லாக்கின் சொத்து ராதாநகர் கடற்கரை. 2004இல் டைம் இதழ் அதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று குறிப்பிட்டது. வெள்ளை மணல், பின்னால் உயர்ந்த காடு, மேற்கே பார்த்த கடல். நுழைவதற்குக் காசு இல்லை. படகுத்துறையிலிருந்து அங்கே அரசுப் பேருந்தும் போகிறது. நடைகள் குறைவு, நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கூபா டைவிங் பழக விரும்புகிறவர்களுக்கும் ஹேவ்லாக்தான் இடம். பயிற்சி நிலையங்களில் பல இங்கே இருக்கின்றன. ஆனால் பெயர் பெற்ற தீவு என்பதால் அறை, சாப்பாடு, வண்டி எல்லாமே சற்றுக் கூடுதல்.

நீல் சிறிய தீவு. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறக்குறைய மூவாயிரம். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் என்று கடற்கரைகளுக்கு ராமாயணப் பெயர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளிலேயே போய்வரலாம் என்பதால் வண்டிச் செலவு ஏறக்குறைய இல்லாமலாகிறது. போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் விவசாயத் தீவு இது. அந்தமானில் அரிசி, பருப்பு, வெங்காயம் எனப் பெரும்பாலான பொருட்கள் கப்பலேறி வருவதால் விலை ஏறுகிறது. தோட்டத்துக் காய் கிடைக்கும் நீலில் சைவச் சாப்பாடு எளிதாகவும் மலிவாகவும் அமையும். கையில் பணம் குறைவு, கடலையும் அமைதியையும் விட்டால் வேறு தேவையில்லை என்பவர்களுக்கு நீல்தான் சரி.

போர்ட் பிளேரையே மையமாக வைத்துக்கொண்டும் ஒரு பயணம் போடலாம். நகரிலிருந்து வண்டூருக்குப் பேருந்தில் போய், 1983இல் அமைக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவில் உள்ள ஜாலி பாய் தீவுக்கு ஒரு நாள் போய்வரலாம். அங்கே கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறை பார்க்கலாம். பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை, அதற்கேற்ற குடிநீர்ப் புட்டி வேண்டும். மழைக்காலத்தில் ஜாலி பாயை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். தெற்கு முனையில் உள்ள சிடியா டாப்பு, முன்பு ராஸ் எனப்பட்ட தீவு, 1883இல் தொடங்கிய சாத்தம் மரஅறுவை ஆலை எல்லாம் குறைந்த செலவில் பார்க்கக்கூடியவை.

எந்தத் திட்டமாக இருந்தாலும் போர்ட் பிளேரின் செல்லுலார் சிறைக்கு ஒரு பிற்பகலையாவது ஒதுக்குங்கள். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. ஒரு அறையிலிருப்பவர் இன்னொரு அறையிலிருப்பவரின் முகத்தைப் பார்க்கவே முடியாதபடி அமைத்த அந்தக் கட்டடத்தைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும். நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான்.

வடக்கே திக்லிப்பூர், தெற்கே லிட்டில் அந்தமான் ஆகியவை மலிவானவை, அழகானவை. ஆனால் போகவே ஒரு நாள் பிடிக்கும். ஒரு வாரப் பயணத்தில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

கடிகாரமும் ஓதமும்

பணம் செலவில்லாமல் பயணத்தின் தரத்தைக் கூட்டும் இரண்டு தகவல்கள் உண்டு. பலர் அங்கே போன பிறகே அறிகிறார்கள்.

அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தும் நம் கடிகாரத்தையே பின்பற்றுகிறது. அதனால் விடிவதும் இருட்டுவதும் சீக்கிரம். டிசம்பரில் மாலை 5 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரியில் ஐந்தரைக்கு முன்னே. கோடையிலும் ஆறு மணியைத் தொடாது. ஒன்பது மணிக்கு எழுந்து பத்தரைக்குக் கிளம்புகிறவர் பகலில் பாதியைத் தூங்கியே தீர்த்துவிடுகிறார். அரை நாள் வாடகை வண்டியை இரண்டு மணிக்கு மேல் எடுத்தால் பார்க்கக் கிடைப்பது மூன்று மணி நேரம்தான். காலை ஐந்தரைக்குக் கடற்கரையில் இருப்பதுபோல் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது.

இரண்டாவது தகவல் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. நீலிலும் ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையிலும் கடல் வற்றும் நேரத்தில் வெகுதூரம் பாறையும் பவளத் திட்டுமாகிவிடும், குளிக்க முடியாது. நீலின் இயற்கைப் பாறைப் பாலத்துக்கோ நீர் வற்றும்போதுதான் நடந்துபோக முடியும். போகும் நாட்களின் ஓத நேரங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் வீண் நடைகளும் வண்டிக் கூலியும் மிச்சம்.

பேக்கேஜை எப்படிப் படிப்பது

முதல் முறை போகிறவர்களுக்குப் பேக்கேஜ் தைரியம் தருகிறது. அதில் தவறில்லை. ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகைக்கு என்னவெல்லாம் அடக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விமான டிக்கெட் பெரும்பாலும் அதில் சேராது. இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் கணக்கில் ஆளுக்கான விலை அது. மூன்றாவது ஆளுக்கும் குழந்தைக்கும் தனி விலை. மதியமும் இரவும் சாப்பாடு பல நேரங்களில் இருக்காது. நீர் விளையாட்டுகள் தனி. ஐந்து இரவு ஆறு பகல் என்று இருக்கும். முதல் பகலும் கடைசிப் பகலும் விமான நேரத்தைப் பொறுத்துப் பெயரளவு நாட்கள்.

விமானம், அறை, படகு, வண்டி, சாப்பாடு, நுழைவு என்று ஆறு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் நீங்களே எடுத்தால் என்ன விலை என்று நிரப்புங்கள். பக்கத்தில் பேக்கேஜின் விலையை வையுங்கள். வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால், வயதான பெற்றோரோடு போகிறவர்கள் அந்தத் தொகையைக் கொடுத்து அலைச்சலைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமே. வித்தியாசம் இருபதாயிரம் என்றால் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். போர்ட் பிளேரில் மொழியும் தடையல்ல. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அபர்தீன் பஜாரில் தமிழில் வழி கேட்கலாம், தமிழ் மெஸ்ஸில் சாப்பிடலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

சிக்கனத்துக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அதை அழுத்திச் சொல்ல வேண்டியது கடமை.

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். படகில் கொள்ளளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஏற்பட்டது இனி யாருக்கும் ஏற்படக் கூடாது. ஆளுக்கு உயிர்காப்பு உடை இல்லாத படகில், இருக்கையைவிட அதிகம் ஆளேற்றும் படகில், எவ்வளவு குறைந்த கட்டணம் என்றாலும் ஏறாதீர்கள். பணம் கொடுத்தாகிவிட்டதே என்று தயங்காமல் இறங்கிவிடுங்கள். ஸ்கூபாவுக்கும் இதே விதி. சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் இல்லாத இடத்தில் ஐந்நூறு ரூபாய் குறைவு என்பதற்காக மூச்சுக் குழாயை வாயில் வைக்கக் கூடாது. உப்புநீர் முதலைகள் உள்ள கடல் இது. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் நீரில் இறங்கக் கூடாது.

இன்னொன்று, திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். காலையில் தீவிலிருந்து படகு, மதியம் விமானம் என்று போட்டால் ஓர் இரவு வாடகை மிச்சமாகும். ஆனால் வானிலையால் படகு ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பலாம், பறந்துபோன விமானம் திரும்பாது. மூவருக்கும் அன்றைய விலையில் புதிய டிக்கெட் எடுக்க நேர்ந்தால் பயணத்தின் சிக்கனம் முழுவதும் ஒரே நாளில் அழிந்துவிடும். சிறு தீவுகளில் ஏ.டி.எம். குறைவு, சிக்னலும் சில நேரம் கைவிடும். இரண்டு மூன்று நாளுக்கான பணத்தை ரொக்கமாக வைத்துக்கொள்வதும் இதே வகைப் பாதுகாப்புதான்.

பிறருக்கும் தீவுக்கும் நாம் செய்யவேண்டியதும் உண்டு. பவளத் துண்டுகளை எடுத்துவருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கிளிஞ்சல்களிலும் பலவற்றுக்கு இதே தடை உண்டு. விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குச் சாலை வழியாகப் போனால் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டைக் கடக்க வேண்டும். குறித்த நேரங்களில் காவலோடுதான் வாகனங்களை விடுவார்கள். ஜாரவாக்களைப் படம் எடுப்பதும் உணவு கொடுப்பதும் தண்டனைக்குரியவை. அந்த மக்களைப் பார்ப்பதற்காக அந்தச் சாலையில் போகும் எண்ணமே தவறானது. குறைந்த நாட்கள் கொண்ட பயணத்தில் அந்தக் குகையை விட்டுவிட்டால் நேரமும் மிச்சம், மனசாட்சியும் தெளிவு.

எதை முதலில் முடிவு செய்வது

இவ்வளவையும் ஒரு வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மொத்தம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று வீட்டில் பேசி ஒரு தொகை எழுதுங்கள். அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தொடாமல் தனியே ஒதுக்குங்கள். அடுத்து மாதத்தை முடிவு செய்து, மூன்று நான்கு தேதிகளில் விமான விலையைப் பாருங்கள். விமானம் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால் தேதியை மாற்றுங்கள், வேறெதையும் குறைக்க முயலாதீர்கள். மூன்றாவதாக, ஒரு தீவைத் தேர்ந்தெடுத்துப் போகவர படகுகளைப் பதிவு செய்யுங்கள். அறை நான்காவது. அதற்குப் பிறகு எஞ்சும் தொகையில் ஸ்நார்க்கெலிங்கா ஸ்கூபாவா, ஸ்கூட்டரா சைக்கிளா என்று தீர்மானியுங்கள். பலர் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டு, அழகான அறையின் படத்தைப் பார்த்து அதை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு அந்தத் தேதிக்கு என்ன விலை வந்தாலும் டிக்கெட் எடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறார்கள்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். சென்னைக் கப்பலின் அட்டவணையை மூன்று மாதத்துக்கு முன்பே அறிவித்து அதைக் காப்பாற்றினால், தீவுவாசிகளின் பங்கைத் தொடாமல் அரசுப் படகுகளில் ஒரு சிறு பங்கைப் பயணிகளுக்கென்று முன்பதிவுக்குத் திறந்தால், வசதி குறைந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தப் பயணத்தைத் துணிந்து திட்டமிடும். வங்கக்கடலுக்கு அக்கரையில் இருக்கும் நம் நாட்டுத் தீவுகள் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியவையாக இருந்துவிடக் கூடாது. அந்த மாற்றம் வரும்வரை, தேதியை முதலில் வைத்து, ஒரே தீவில் நின்று நிதானமாகப் பார்த்துவருவதே சாதாரணக் குடும்பத்தால் செய்யக்கூடியது. அப்படிப் போனால் அந்தமான் கட்டாயம் கட்டுபடியாகும்.